தல்லிக்கி வந்தனத்தில் பிடிக்கும் 2 ஆயிரம் ரூபாய் எதற்கு? பள்ளிக் கமிட்டியில் பெற்றோருக்கு என்ன அதிகாரம்?

திருச்சானூரில் பள்ளிக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், 2025 ஜூன் மாதம் தொடங்கிய 'தல்லிக்கி வந்தனம்' திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 15 ஆயிரம் ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஆனால், தாயின் வங்கிக் கணக்குக்கு வந்தது 13 ஆயிரம்தான்.

அப்போ, மீதி 2 ஆயிரம் எங்கே?

பள்ளிப் பராமரிப்புக்கும் கழிவறைப் பராமரிப்புக்கும் அது ஒதுக்கப்படுகிறது என்பது அரசின் பதில். அப்படியென்றால் அந்தக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தினமும் கழுவுகிறார்களா என்று கேட்க வேண்டியது யார்?

சட்டம் அந்தப் பொறுப்பை உங்களிடமும் கொடுத்திருக்கிறது. அதற்கான அமைப்பின் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் 'பேரண்ட்ஸ் கமிட்டி' அல்லது 'எஸ்.எம்.சி' என்று சொன்னால்தான் சட்டென்று புரியும்.

அந்தக் கமிட்டி எப்படி அமைகிறது, அதற்கு என்ன அதிகாரம், எங்கே அது தடுமாறுகிறது, பெற்றோராக நீங்கள் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

பி.டி.ஏ வேறு, எஸ்.எம்.சி வேறு

பெற்றோர் ஆசிரியர் கழகம், பேரண்ட்ஸ் கமிட்டி இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பெற்றோர் ஆசிரியர் கழகம், அதாவது பி.டி.ஏ, ஒரு சங்கம். பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளிக்கு உதவுவது அதன் வேலை. ஆண்டு விழா, நன்கொடை திரட்டுவது, கட்டடத்துக்கு உதவுவது என்று அதன் பணிகள் பெரும்பாலும் ஆதரவு தருபவை. அமெரிக்காவில் 1897இல் தாய்மார்களின் தேசிய மாநாடாகத் தொடங்கிய அமைப்புதான் பின்னாளில் அந்நாட்டின் தேசிய பி.டி.ஏ ஆனது. பல நாடுகளில் இன்று பி.டி.ஏ என்று சொல்லப்படும் அமைப்புகளுக்கு அது ஒரு முன்னோடி.

பள்ளி மேலாண்மைக் குழு அப்படியல்ல. அது சட்டத்தால் உருவாக்கப்பட்டது. பள்ளி வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிதி கேட்டு உங்களிடம் வருவது அதன் முதன்மை வேலையும் அல்ல. பள்ளிக்கு வந்த நிதி எப்படிச் செலவானது என்று உங்கள் சார்பில் கேட்பதே அதன் வேலை.

சுருக்கமாகச் சொன்னால், பி.டி.ஏ பள்ளிக்குக் கை கொடுக்கிறது, எஸ்.எம்.சி பள்ளியிடம் கணக்குக் கேட்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2002ஆம் ஆண்டின் 86வது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதை நடைமுறைப்படுத்த 2009இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 21வது பிரிவுதான் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. அதில் உங்களுக்கு முக்கியமானவை மூன்று.

முதலாவது, குழு உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராகவோ பாதுகாவலர்களாகவோ இருக்க வேண்டும்.

இரண்டாவது, உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பின்தங்கிய, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும்.

வேலைகளையும் சட்டம் பட்டியலிடுகிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது.

கடைசியில் உள்ளதைக் கவனியுங்கள். 'வேறு எங்கிருந்தோ' என்பதில் நன்கொடையும் அடங்கும். யாரோ ஒருவர் பள்ளிக்கு 50 பெஞ்சு வாங்கப் பணம் கொடுத்தாலும், அந்தப் பணம் பெஞ்சாக வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் உரிமை கமிட்டிக்கு உண்டு.

ஒரு வரம்பும் இருக்கிறது. 2012இல் வந்த திருத்தத்தின்படி, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். அரசு நிதியுதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21வது பிரிவு பொருந்தாது. அவற்றைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ஆந்திராவில் கமிட்டி எப்படி அமைகிறது?

ஆந்திர விதிகளின்படி, ஒவ்வொரு வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூடி, தங்களில் 3 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த 3 பேரில் குறைந்தது 2 பேர் பெண்கள். 3 பேரில் ஒருவர் பின்தங்கிய பிரிவையும் இன்னொருவர் நலிந்த பிரிவையும் சேர்ந்தவர்.

கணக்கு எளிது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை உள்ள தொடக்கப் பள்ளியில் 5 வகுப்பு, வகுப்புக்கு 3 பேர், ஆக 15 பெற்றோர். அதில் குறைந்தது 10 பேர் அம்மாக்கள் அல்லது பெண் பாதுகாவலர்கள். 6 முதல் 10 வரை உள்ள உயர்நிலைப் பள்ளிக்கும் இதே கணக்குதான்.

தேர்வான பெற்றோரிலிருந்தே தலைவரும் துணைத் தலைவரும் வருகிறார்கள். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டும் உறுப்பினர். இன்னோர் ஆசிரியர், வார்டு உறுப்பினர், அங்கன்வாடி ஊழியர், சுகாதார ஊழியர் போன்றோர் பதவி வழியில் உள்ளே வருவார்கள்.

ஆக, கமிட்டியின் தலைவர் ஹெட்மாஸ்டர் அல்ல. உங்களைப் போன்ற ஒரு அம்மாவோ அப்பாவோதான்.

ஆந்திரா முழுவதும் கடைசியாக இந்தத் தேர்தல் 2024 ஆகஸ்ட் 8ஆம் தேதி நடந்தது. பதவிக்காலம் 2 ஆண்டு. அந்தக் கணக்குப்படி 2024இல் தேர்வானவர்களின் காலம் 2026 ஆகஸ்டில் முடிகிறது.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கும் வரைதான் நீங்கள் அங்கே 'பெற்றோர்'. பிள்ளை பள்ளி மாறிவிட்டால் உங்கள் இடம் காலியாகும். 5ஆம் வகுப்புப் பெற்றோர் ஆண்டுதோறும் வெளியேறுவதால், கமிட்டியில் அனுபவம் தங்குவதில்லை என்ற சிக்கலும் இதில் இருக்கிறது.

இது புதிய ஏற்பாடா?

இல்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, 1998இல், பள்ளிக் கல்வியில் மக்கள் பங்கேற்புக்கென்று ஆந்திரா தனிச் சட்டம் போட்டது. பெற்றோரைக் கொண்ட பள்ளிக் கல்விக் குழுக்கள் அப்போதே வந்துவிட்டன.

பெயர்ப் பலகையில் இருந்த கமிட்டியின் கைக்குப் பெரிய அளவில் வேலை வந்தது 2019இல். அந்த ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி ஓங்கோலில் 'மன பாடி நாடு-நேடு' திட்டம் தொடங்கியது. 'நம் பள்ளி, அன்றும் இன்றும்' என்பது அதன் பொருள். முதல் கட்டத்தில் 15,715 பள்ளிகள். செலவு 3,600 கோடி ரூபாய்க்கு மேல்.

கழிவறை, குடிநீர், மின்விசிறி, மேசை நாற்காலி, வண்ணம் பூசுதல், சுற்றுச்சுவர், சமையல் கூடம் என்று பட்டியலிட்டு வேலைகள் எடுக்கப்பட்டன. இந்த வேலைகளைச் செய்யும் பொறுப்பு ஒப்பந்ததாரரிடம் போகாமல் பேரண்ட்ஸ் கமிட்டியிடம் போனது. சிமெண்ட், மணல், கூலி என்று செலவுக் கணக்கில் பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த ஏற்பாட்டால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. தங்கள் பிள்ளை உட்காரப் போகும் வகுப்பறை என்பதால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும் பெற்றோருக்கு இது வாய்ப்பு. அதே நேரம், கட்டட வேலை தெரியாத ஒருவரிடம் ரசீதை நீட்டி 'இங்கே ஒரு கையெழுத்து' என்று கேட்பதும் எளிது. அதிகாரத்தோடு கூடவே பொறுப்பும் வருகிறது என்பதை, கையெழுத்துப் போடும் முன் நினைவில் வைப்பது நல்லது.

எவ்வளவு பணம்? ஒரு கணக்கு

பள்ளிக்கு வரும் பணம் என்றாலே பெற்றோர் பலர் 'அது சாருங்க விஷயம்' என்று ஒதுங்கிவிடுவது வழக்கம். ஆனால், எண்கள் அவ்வளவு சிக்கலானவை அல்ல.

ஒருங்கிணைந்த கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் கீழ் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் கூட்டுப் பள்ளி மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கைதான் அதன் அளவுகோல்.

- 30 மாணவர் வரை: 10 ஆயிரம் ரூபாய்
- 31 முதல் 100 வரை: 25 ஆயிரம்
- 101 முதல் 250 வரை: 50 ஆயிரம்
- 251 முதல் 1,000 வரை: 75 ஆயிரம்
- 1,000க்கு மேல்: 1 லட்சம்

இதில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சாக்பீஸ், மின் கட்டணம், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் மீதியில்தான்.

இப்போது தல்லிக்கி வந்தனத்துக்கு வருவோம். 2025இல் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட மாணவர்கள் 67.27 லட்சம் பேர். ஒருவருக்கு 2 ஆயிரம் என்றால், பிடித்த தொகை மாநில அளவில் சுமார் 1,345 கோடி ரூபாய்.

இதையே ஒரு பள்ளி அளவில் பார்ப்போம். 200 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தகுதி பெற்றால், அந்தக் குடும்பங்களிடம் பிடித்த தொகை மட்டும் 4 லட்சம். அதே பள்ளிக்குக் கிடைக்கும் கூட்டு மானியமோ 50 ஆயிரம். எட்டில் ஒரு பங்கு!

பிடித்த 4 லட்சமும் அப்படியே உங்கள் பள்ளியின் கணக்குக்கு வந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால், 'பராமரிப்புக்குக் காசு இல்லைங்க' என்ற பதில் வந்தால், அடுத்த கேள்வியைக் கேட்க இந்த எண் உதவும்.

இந்தப் பிடித்தம் இன்று முளைத்ததும் அல்ல. 2020 ஜனவரி 9ஆம் தேதி சித்தூரில் தொடங்கிய 'அம்ம ஒடி' திட்டத்திலும், இரண்டாம் ஆண்டு முதல் 15 ஆயிரத்தில் ஆயிரம் ரூபாய் கழிவறைப் பராமரிப்பு நிதிக்குப் போனது. பள்ளிக் கழிவறையைச் சுத்தம் செய்யும் ஆயாக்களுக்கு மாதம் 6 ஆயிரம் ரூபாய் ஊதியம் தரப்பட்டதும் அந்த நிதியிலிருந்துதான். ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயர் மாறியது. பிடித்தம் ஆயிரத்திலிருந்து 2 ஆயிரமானதோ 2022இல், அம்ம ஒடி காலத்திலேயே.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது வெறும் சுத்தம் பற்றிய விஷயமும் அல்ல. வயதுக்கு வந்த ஒரு பெண் மாதத்தில் மூன்று நான்கு நாள் பள்ளிக்கு வராமல் இருக்கிறாளா, வருகிறாளா என்பதைத் தண்ணீர் வரும் ஒரு குழாயும் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவும் தீர்மானிக்கலாம்.

பள்ளி மேம்பாட்டுத் திட்டம்: யாரும் படிக்காத முக்கியமான தாள்

கல்வி உரிமைச் சட்டத்தின் 22வது பிரிவு, கமிட்டி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. அரசும் உள்ளாட்சியும் தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி இது 3 ஆண்டுத் திட்டம். அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக 3 துணைத் திட்டங்கள். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் கூடுதலாகத் தேவை, எத்தனை வகுப்பறை தேவை, எவ்வளவு பணம் தேவை என்று அதில் இருக்க வேண்டும். தலைவரான பெற்றோரும் அதில் கையெழுத்திட வேண்டும்.

அதாவது, 'கணக்கு டீச்சர் இல்லை' என்று வாசலில் நின்று புலம்புவதற்கும், அதைத் திட்டத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவதற்கும் வித்தியாசம் உண்டு. புலம்பல் காற்றோடு போய்விடும். எழுதி அனுப்பியதோ அலுவலகக் கோப்பில் ஏறும்; பதில் சொல்ல வேண்டிய கடமையும் அங்கே தொடங்குகிறது.

மதிய உணவும் அப்படித்தான். விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம், 100 கிராம் அரிசி. 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம், 150 கிராம் அரிசி. கலோரியை நீங்கள் அளக்க முடியாது. அரிசியை அளக்கலாம். 80 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வந்த நாளில் 8 கிலோ அரிசி உலையில் ஏறியிருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டையும் அரிசி இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

மெகா பி.டி.எம்: ஒரு நாள் திருவிழாவா?

2024 டிசம்பர் 7ஆம் தேதி ஆந்திர அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் 'மெகா பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு' நடந்தது. முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவும் கல்வி அமைச்சர் நாரா லோகேஷும் பாபட்லாவில் உள்ள நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் கலந்துகொண்டார்கள். 2025 ஜூலை 10ஆம் தேதி இரண்டாவது சந்திப்பு. இந்த முறை தனியார் பள்ளிகளும் சேர்ந்தன. முதலமைச்சரும் அமைச்சரும் ஸ்ரீ சத்ய சாய் மாவட்டம் கொத்தசெருவுக்குப் போனார்கள்.

கோலப் போட்டி, கயிறு இழுத்தல், பிள்ளைகளோடு சாப்பாடு என்று நாள் களைகட்டியது. மாணவரின் மதிப்பெண், உடல்நலம் பற்றிய அட்டை பெற்றோர் கையில் தரப்பட்டது.

பள்ளி வாசலையே மிதிக்காத அப்பாக்களை உள்ளே கொண்டுவர இப்படி ஒரு நாள் உதவும். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால், சந்திப்பு வேறு, கமிட்டிக் கூட்டம் வேறு. சந்திப்பில் நீங்கள் விருந்தாளி. உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுவீர்கள். கமிட்டிக் கூட்டத்திலோ பள்ளியைப் பற்றிப் பேச வேண்டும். தீர்மானம் எழுத வேண்டும். மாதிரி விதிகள் மாதம் ஒரு முறையாவது கமிட்டி கூட வேண்டும் என்கின்றன. ஆண்டில் ஒன்றிரண்டு திருவிழா நாட்கள், அந்த மாதாந்திரக் கூட்டங்களுக்கு ஈடாகாது.

கமிட்டி இருந்தால் படிப்பு முன்னேறுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

இங்கேதான் கொஞ்சம் கசப்பான தகவல் வருகிறது.

உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2010இல் அது வெளியானது. கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே பெற்றோரில் 10இல் 9 பேருக்குத் தெரியவில்லை. அதைவிட வியப்பு, குழு உறுப்பினர்களிலேயே ஏறக்குறைய 4இல் ஒருவருக்குத் தான் உறுப்பினர் என்பதே தெரியாது.

கூட்டம் போட்டு, உரிமைகளை எடுத்துச் சொல்லியும் பெரிதாக எதுவும் மாறவில்லை. உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளுக்கு வாசிப்பு முகாம் நடத்தியபோதுதான் முகாமுக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கூடியது.

இந்தோனேசியாவில் நடந்த ஆய்வு வேறொரு பாடம் சொன்னது. பள்ளிக் குழுவுக்கு வெறும் மானியமும் பயிற்சியும் கொடுத்ததைவிட, அந்தக் குழுவைக் கிராம மன்றத்தோடு இணைத்தபோது கற்றலில் முன்னேற்றம் தெரிந்தது. கென்யாவில், ஒப்பந்த ஆசிரியரைக் கண்காணிப்பது எப்படி என்று பள்ளிக் குழுவுக்குக் குறிப்பாகப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் பலன் கூடியது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. 'உங்களுக்கு உரிமை இருக்கிறது' என்று சொல்வது மட்டும் போதாது. குறிப்பிட்ட வேலை, அதைச் செய்யத் தெரிந்த ஆள், சொன்னால் கேட்கும் ஓர் அலுவலகம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கமிட்டி உயிரோடு இருக்கும்.

திருச்சானூரில் கூடுதலாக என்ன சிக்கல்?

திருச்சானூர் திருப்பதி ரூரல் மண்டலத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி சித்தூரிலிருந்து பிரிந்து உருவான திருப்பதி மாவட்டத்தின் பகுதி. பத்மாவதி தாயார் கோவிலை நம்பிய ஊர். பூக்கடை, சாப்பாட்டுக் கடை, லாட்ஜ், ஆட்டோ என்று பக்தர் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு வேலை நாள், விடுமுறை நாள் என்ற கணக்கே வேறு. கார்த்திகை பிரம்மோற்சவமும் பஞ்சமி தீர்த்தமும் நடக்கும் நாட்களில் பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்தால், கடையை மூடிவிட்டு யார் வருவார்கள்?

கூட்ட நேரத்தை முடிவு செய்வது கமிட்டியின் கையில் இருக்கிறது. நடை சாத்தும் நேரம், கூட்டம் குறையும் கிழமை என்று பார்த்து நேரம் கேட்பது தவறே இல்லை.

அடுத்தது மொழி. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானபோது அதன் பல பகுதிகள் வட ஆற்காட்டிலிருந்து வந்தவை. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. அதன் பிறகும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். கமிட்டிச் சுற்றறிக்கையும் தீர்மானப் புத்தகமும் தெலுங்கில் இருக்கும். தெலுங்கு நன்றாகப் பேசத் தெரிந்தும் எழுத்து தெரியாத அம்மாக்கள் என்ன செய்வது?

வழி ஒன்றுதான். கையெழுத்துப் போடும் முன், தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 'படிச்சுச் சொல்லுங்க சார், அப்புறம் போடறேன்' என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மொழி விஷயத்தில் பெற்றோரின் சொல் எவ்வளவு பெரிதாகும் என்பதை 2020இல் பார்த்தோம். அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்றும் அரசாணைகளை அந்த ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி ஆந்திர உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உடனே அரசு பெற்றோரிடம் எழுத்துப்பூர்வமாக விருப்பம் கேட்டது. அரசு சொன்ன கணக்குப்படி 96.17 சதவீதம் பேர் ஆங்கில வழியையும், 3.05 சதவீதம் பேர் தெலுங்கு வழியையும், 0.78 சதவீதம் பேர் மற்ற மொழிகளையும் கேட்டார்கள். தமிழ் அந்த 0.78க்குள் அடக்கம். எண்ணிக்கையில் சிறியவர்களின் குரல் மாநிலச் சராசரியில் காணாமல் போகும். ஆனால், ஒரு பள்ளியின் கமிட்டியில் 15 பேரில் 3 பேர் பேசினால் கேட்காமல் இருக்க முடியாது.

பள்ளி இணைப்பு இன்னோர் உதாரணம். 2022இல் 3, 4, 5ஆம் வகுப்புகளைத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து எடுத்து உயர்நிலைப் பள்ளிகளோடு சேர்த்தபோது, 'சின்னப் பிள்ளை மெயின் ரோடு தாண்டிப் போகணுமா' என்று பல ஊர்களில் பெற்றோர் எதிர்த்தார்கள். 2025இல் அந்த அரசாணை திரும்பப் பெறப்பட்டு, பள்ளிகள் மறுபடி வகைப்படுத்தப்பட்டன. பொதுவாக 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, 3 கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்பதுதான் கல்வி உரிமை விதிகளின் அளவு. இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருக்கும் கமிட்டி, இணைப்புப் பேச்சு வரும்போது வாயடைத்து நிற்காது.

பக்கத்து மாநிலத்தில் எப்படி?

தமிழ்நாட்டில் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. காமராஜர் ஆட்சிக் காலத்தில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலமும் பொருளும் கொடுத்தார்கள். அந்த மரபில் வளர்ந்த பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் இன்றும் இருக்கின்றன.

2022இல் தமிழ்நாடு அரசு பள்ளி மேலாண்மைக் குழுக்களை 20 உறுப்பினர்களோடு மறுகட்டமைத்தது. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக உயர்த்தியது. பழைய மாணவர் உள்ளே வருவதால், ஆண்டுதோறும் பெற்றோர் மாறினாலும் பள்ளியின் நினைவு அறுந்துபோகாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

இலங்கையில் தமிழ்ப் பள்ளிகள் உட்பட அரசுப் பள்ளிகளில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இதே வேலையைச் செய்கிறது.

பிள்ளை தனியார் பள்ளியில் படித்தால்?

அரசு உதவி பெறாத தனியார் பள்ளியில் எஸ்.எம்.சி கட்டாயமில்லை. ஆனால், இரண்டு பிரிவுகள் உங்களுக்கு உதவும்.

24வது பிரிவின்படி, பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்வது ஆசிரியரின் கடமை. அது அவர் செய்யும் சலுகை அல்ல.

13வது பிரிவின்படி, பிள்ளையைச் சேர்க்கும்போது பள்ளி அறிவித்த கட்டணத்தைத் தாண்டி எந்த நன்கொடையும் வாங்கக் கூடாது. 'பி.டி.ஏ ஃபண்டு' என்று பெயர் வைத்தாலும் கட்டாயப்படுத்தினால் அது நன்கொடைதான். மீறினால், வாங்கிய தொகையைப் போல் 10 மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. உங்கள் பிள்ளையின் வகுப்புக்கான 3 உறுப்பினர் யார் என்று கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் பட்டியல் இருக்கும். அவர்களது பெயர் தெரிந்தால்தான் குறையைச் சொல்ல ஆள் கிடைக்கும்.

2. கடைசி 3 கூட்டங்களின் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கக் கேளுங்கள். கூட்டம் நடந்ததா, கையெழுத்து மட்டும் நடந்ததா என்பது அதில் தெரியும்.

3. கூட்டு மானியம் எந்த மாதம் வந்தது, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். மாணவர் எண்ணிக்கை தெரிந்தால், வர வேண்டிய தொகையை மேலே உள்ள பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

4. கழிவறையை நேரில் பாருங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் கழிவறையை ஓர் அம்மா போய்ப் பார்க்கட்டும். தண்ணீர், கதவு, வெளிச்சம், குப்பைத் தொட்டி. நான்கே கேள்விகள்தான்.

5. குறையை எழுதிக் கொடுங்கள். பள்ளியில் தீராவிட்டால் மண்டலக் கல்வி அலுவலர், அதாவது எம்.இ.ஓ. கல்வி உரிமைச் சட்டத்தின் 32வது பிரிவின்படி குழந்தையின் உரிமை பற்றிய புகாரை உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் கொடுக்கலாம். 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கும் தீராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

6. கணக்குக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆந்திராவில் கிராம அளவிலான அலுவலகத்தில் விண்ணப்பக் கட்டணம் இல்லை. மண்டல அளவில் 5 ரூபாய், அதற்கு மேல் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

7. அடுத்த தேர்தலில் நில்லுங்கள். பட்டப் படிப்பு தேவையில்லை. பிள்ளை அந்த வகுப்பில் படித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கமிட்டி உறுப்பினர் என்பதால் வகுப்பறைக்குள் நுழைந்து ஆசிரியரை மிரட்டவோ, பாடம் நடத்துவது எப்படி என்று உத்தரவு போடவோ அதிகாரம் இல்லை. ஆசிரியர் வந்தாரா என்று கேட்கலாம். வராததற்கு அவர் மட்டும்தான் காரணமா, மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்துகொண்டிருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். பல தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கோரிக்கை ஒன்றுதான். அதை இருவரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதினால், எம்.இ.ஓ அலுவலகத்தில் அதற்கு எடை கூடும்.

15 பேர் கமிட்டியில் 10 பேர் பெண்கள் என்பது காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பத்துப் பேரும் அடுத்த கூட்டத்துக்கு வந்து, தங்கள் கணக்கில் குறைந்த 2 ஆயிரத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுத நிறைய இருக்கும்.